ஒரு கடிக்கு ஏன் இரண்டு மருந்து?

கேள்வி:

புனே ராஸ்தா பேட்டில் இரண்டு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. சில வாரங்களுக்கு முன் என் பதினொரு வயது மகனைத் தெருநாய் கெண்டைக்காலில் கடித்து ரத்தம் வந்துவிட்டது. டாக்டர் கையில் நாய்க்கடித் தடுப்பூசி போட்டார். அதோடு விடாமல், வேறொரு சின்ன புட்டியிலிருந்து மருந்தை எடுத்துக் காயத்தைச் சுற்றிலும் காயத்துக்குள்ளேயும் குத்திக் குத்தி இறக்கினார். பையன் போட்ட அலறலில் எனக்கே கண்ணீர் வந்துவிட்டது. கேட்டதற்கு, "இது ரெடிமேட் ஆன்டிபாடிம்மா, நம்ம புனேயிலயே தயாராகுது" என்றார்.

தடுப்பூசியே ஆன்டிபாடி உண்டாக்கத்தானே போடுகிறார்கள், அப்புறம் ரெடிமேடாக எதற்கு? ஊரில் என் அப்பாவுக்கு நாய் கடித்தபோது, குதிரை மருந்து என்று சொல்லி முதலில் தோலில் சோதனை ஊசி போட்டுப் பார்த்தார்கள். இவனுக்கு அது ஏன் இல்லை? ஆன்டிபாடி என்பதுதான் என்ன? எல்லா ஊசியும் முடிந்தபின் லேபில் ஆன்டிபாடி அளவு பார்க்க வேண்டுமா? கொரோனா சமயத்தில் எங்கள் பேட்டிலும் ரத்தம் எடுத்து, பாதிப்பேருக்கு ஆன்டிபாடி இருக்கிறது என்று சொன்னார்கள். அடுத்த வருடமே என் கணவர் படுத்துவிட்டாரே!

— ஒரு வாசகி, புனே

பதில்:

உங்கள் டாக்டர் செய்தது முழுக்கச் சரி. பையனை அலறவைத்த அந்த இரண்டாவது மருந்தைப் பல இடங்களில் போடாமல் விட்டுவிடுகிறார்கள். இருப்பில் இல்லை, விலை அதிகம், குழந்தை அழுகிறது என்று காரணங்கள் சொல்வார்கள். ரத்தம் வரும்படியான கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது.

தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்த ரேபிஸ் வைரஸ். உடல் அதை அடையாளம் கண்டு, அதற்கென்று ஆன்டிபாடி தயாரித்து, போதுமான அளவு ரத்தத்தில் விடுவதற்கு ஏழு நாளிலிருந்து பதினான்கு நாள்வரை ஆகும். நாயின் எச்சிலோடு கெண்டைக்காலுக்குள் போன வைரஸ் அதுவரை சும்மா இருக்கும் என்று நம்ப முடியாது. அது தசையில் கொஞ்ச நேரமோ கொஞ்ச நாளோ தங்கும், பிறகு பக்கத்திலுள்ள நரம்பு முனைக்குள் நுழையும். நரம்புக்குள் நுழைந்துவிட்டால் ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடிக்கு அது எட்டாது. அங்கிருந்து முதுகுத்தண்டு, பிறகு மூளை. நோயின் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. ஆகவே வைரஸ் காயத்தில் இருக்கும்போதே அதைப் பிடிக்க வேண்டும். முதலில் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுவதும், பிறகு ஆன்டிபாடியைக் காயத்துக்குள்ளேயே இறக்குவதும் அதற்காகத்தான். அந்த ஆன்டிபாடி, சம்பளம் வரும்வரை வாங்கிய கைமாற்று. அவசரத்துக்கு உதவும், ஆனால் நிலைக்காது. தடுப்பூசி உண்டாக்குவது சொந்தச் சம்பாத்தியம்.

இனி, ஆன்டிபாடி என்றால் என்ன என்ற கேள்வி. பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்பீர்கள். அது ஒரு புரதம். ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் ஐஜிஜி வகையை எடுத்துக்கொள்வோம். 1,300க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த நான்கு சங்கிலிகள். இரண்டு நீளமானவை, இரண்டு குட்டையானவை. கந்தக அணுக்களின் பிணைப்பு இவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. மொத்தத்தில் ஆங்கில ஒய் எழுத்தின் வடிவம்: மேலே விரிந்த இரண்டு கைகள், கீழே ஒரு தண்டு, நடுவில் வளைந்துகொடுக்கும் மூட்டு.

இந்த வடிவத்தைக் கண்டுபிடித்த கதையில் பப்பாளிக்கும் பங்கு உண்டு. 1950களின் கடைசியில் இங்கிலாந்தில் ரோட்னி போர்ட்டர் என்ற விஞ்ஞானி, பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பெய்ன் என்ற நொதியை முயலின் ஆன்டிபாடியோடு சேர்த்துப் பார்த்தார். அது மூன்று துண்டாக வெட்டுப்பட்டது. இரண்டு துண்டுகள் ஒன்றுபோல இருந்தன. கிருமியின் பாகத்தைப் பிடிக்கும் வேலை இவற்றிடம் இருந்தது. மூன்றாவது துண்டு எதையும் பிடிக்கவில்லை, ஆனால் அழகாகப் படிகமாயிற்று. ஒரே மாதிரியான மூலக்கூறுகள்தான் அப்படி ஒழுங்காக அடுக்கிப் படிகமாகும். அதாவது ஒரு விலங்கின் உடலில் எத்தனை கோடி வகை ஆன்டிபாடி இருந்தாலும் தண்டு ஏறத்தாழ ஒன்றேதான், கையின் நுனிதான் வகைக்கு வகை வேறு. அதே காலத்தில் அமெரிக்காவில் ஜெரால்ட் எடல்மேன் சங்கிலிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். இருவருக்கும் 1972இல் நோபல் பரிசு கிடைத்தது.

கையின் நுனியில் ஆறு சிறு வளைவுகள் இருக்கின்றன, நீளச் சங்கிலியில் மூன்று, குட்டைச் சங்கிலியில் மூன்று. கிருமியின் எந்தப் பகுதியைப் பிடிப்பது என்பதை இந்த ஆறும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ரேபிஸ் வைரஸின் மேல் ஜி புரதம் என்று ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நம் செல்லில் ஒட்டிக்கொண்டு உள்ளே போவதற்கு அதற்கு இருக்கும் ஒரே வழி அதுதான். ஆன்டிபாடி அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் வைரஸால் செல்லில் ஒட்ட முடியாது. கொல்ல வேண்டியதே இல்லை, வழியை அடைத்தாலே போதும்.

தண்டு சும்மா இருக்கும் பகுதி என்று நினைத்துவிடாதீர்கள். கைகள் கிருமியைப் பிடித்தபின், விழுங்கும் செல்கள் வந்து பற்றிக்கொள்வது தண்டைத்தான். ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களை முடுக்கிவிடுவதும் அதுதான். இன்னும் ஒரு வேலை இருக்கிறது. ஐஜிஜி தன் அளவில் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறது; ரத்தத்திலுள்ள பல புரதங்கள் இவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதில்லை. ரத்தக்குழாய்ச் சுவர் செல்களில் உள்ள ஓர் ஏற்பி அதன் தண்டைப் பிடித்து, செரிக்கப்படாமல் காப்பாற்றி, மறுபடி ரத்தத்தில் விட்டுவிடுகிறது. கர்ப்பிணியின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ஐஜிஜியைக் குழந்தைக்குக் கடத்துவதும் இதே ஏற்பிதான். பிறந்த குழந்தை சில மாதம் தாயின் ஆன்டிபாடியில் காலம் தள்ளுகிறது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஜிஎம், ஐந்து ஒய்கள் சேர்ந்து பத்துக் கைகளோடு இருக்கும். புதிய கிருமி வந்தால் முதலில் தோன்றுவது இதுதான். டெங்குவா, சிக்குன்குனியாவா என்று பார்க்க டாக்டர் ஐஜிஎம் சோதனை எழுதுவது அதனால்தான். நாடு முழுவதும் அரசு ஆய்வகங்களுக்குப் போகும் அந்த டெங்கு, சிக்குன்குனியா கிட்டுகளைத் தயாரிப்பது உங்கள் ஊர் தேசிய வைராலஜி நிறுவனம். 1952இல் வைரஸ் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிய அதே இடம். ஐஜிஏ கண்ணீரிலும் எச்சிலிலும் தாய்ப்பாலிலும் இருக்கும். ஐஜிஇ, புழுத்தொற்றுக்கு எதிராக உருவானது என்கிறார்கள். இன்று நமக்குத் தும்மலையும் தடிப்பையும் தருவதில்தான் பேர் வாங்கியிருக்கிறது. ஐஜிடி என்று ஐந்தாவது ஒன்றும் உண்டு, அதைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம்.

சரி, குதிரைக்கு வருவோம். இதில் புனேயின் கதையே இருக்கிறது.

1890இல் பெர்லினில் எமில் வான் பேரிங், ஜப்பானியரான கிடசாட்டோ இருவரும் ஒன்றைக் காட்டினார்கள். டெட்டனஸ் நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கிய விலங்கின் ரத்தநீரை வேறொரு விலங்குக்குக் கொடுத்தால், அதற்கும் பாதுகாப்பு வந்துவிடுகிறது. பேரிங்குக்கு 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசே கிடைத்தது. கிடசாட்டோவுக்குப் பங்கு தராதது அநியாயம் என்று நான் இன்றும் சொல்வேன். மருந்துக்கு நிறைய ரத்தநீர் வேண்டும் என்பதால் குதிரை இந்த வேலைக்கு வந்து சேர்ந்தது. பெரிய உடம்பு, பழக்கினால் பழகும். மும்பை பரேலிலுள்ள ஹாஃப்கின் நிறுவனம் குதிரைகளை வைத்துத்தான் சீரம் தயாரித்தது. புனேயில் பந்தயக் குதிரை வளர்த்த பூனாவாலா குடும்பத்தின் பண்ணையிலிருந்து ஓட்டத்துக்கு உதவாத குதிரைகள் அங்கே போய்க்கொண்டிருந்தன. அந்த வேலையை நாமே செய்தால் என்ன என்று சைரஸ் பூனாவாலா 1966இல் தொடங்கியதுதான் ஹடப்சரின் சீரம் இன்ஸ்டிடியூட். பெயரிலேயே சீரம் இருப்பதற்குக் காரணம் இதுதான். முதலில் டெட்டனஸ் எதிர் சீரம், பிறகு பாம்புக்கடி மருந்து, தடுப்பூசிகள் என்று வளர்ந்தது. கோவிஷீல்டு வந்தபிறகு உலகமே அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டது.

பாம்புக்கடி மருந்து இன்றும் குதிரையை நம்பித்தான் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் சிறுசிறு அளவில் குதிரைக்குக் கொடுப்பார்கள். அதன் உடலில் ஆன்டிபாடி பெருகியபின் ரத்தநீரைப் பிரித்தெடுப்பார்கள். இதற்கான விஷத்தில் பெரும்பகுதி, 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. மகாபலிபுரம் போகிற வழியில் அதைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். இந்தியாவில் பாம்புக்கடியிலிருந்து பிழைத்த எத்தனையோ பேர் இருளர்களுக்குக் கடன்பட்டவர்கள், அவர்களில் பலருக்கு அது தெரியாது.

உங்கள் அப்பாவுக்குப் போட்டதும் இப்படிக் குதிரையிலிருந்து எடுத்த ரேபிஸ் ஆன்டிபாடிதான். குதிரையின் புரதம் நம் உடலுக்கு அந்நியம். அந்நியம் என்று தெரிந்தால் உடல் அதற்கே எதிராக ஆன்டிபாடி உண்டாக்கும். சிலருக்கு உடனே ஒவ்வாமை வரலாம், சிலருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு என்று சீரம் நோய் வரலாம். இதைக் குறைக்க என்ன செய்தார்கள்? பெப்சின் என்ற வயிற்று நொதியால் குதிரை ஆன்டிபாடியின் தண்டை நறுக்கிவிட்டார்கள். இரண்டு கைகளும் சேர்ந்தபடியே மிஞ்சும். வைரஸைப் பிடிக்க அது போதும். தண்டு போய்விட்டதால் ஒவ்வாமைத் தொல்லை குறைந்தது, ஆனால் காப்பாற்றும் ஏற்பி பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் மருந்து உடலைவிட்டு வேகமாக வெளியேறிவிடும். மேலே சொன்ன வடிவத்தை ஏன் அவ்வளவு விளக்கினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

தோலில் போடும் சோதனை ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். குதிரை மருந்துக்கு ஒவ்வாமை வருமா வராதா என்பதை அந்தச் சோதனை நம்பகமாகச் சொல்வதில்லை, ஆகவே தேவையில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆனாலும் பல மருத்துவமனைகள் அதைச் செய்கின்றன. சோதனை செய்தாலும் செய்யாவிட்டாலும் அட்ரினலின் ஊசியைக் கையருகில் வைத்துக்கொண்டுதான் குதிரை மருந்தைப் போட வேண்டும். முக்கியமான பாதுகாப்பு அதுதான்.

உங்கள் மகனுக்குப் போட்டதில் குதிரை இல்லை. புனேயில் தயாராவது என்று டாக்டர் சொன்னதை வைத்துப் பார்த்தால், அது சீரம் இன்ஸ்டிடியூட்டின் ரேபிஷீல்டாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாஸ்பயாலஜிக்ஸோடு சேர்ந்து உருவாக்கி, இந்தியாவில் 2016இல் அனுமதி பெற்ற மருந்து. இது மோனோகுளோனல் ஆன்டிபாடி. குதிரையின் ரத்தநீரில் ஆயிரம் வகை ஆன்டிபாடி கலந்திருக்கும், ரேபிஸுக்கு உதவுவது அதில் ஒரு பங்குதான். மோனோகுளோனலில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒன்றே. எல்லாம் ஜி புரதத்தின் ஒரே இடத்தைப் பிடிப்பவை. மனித ஆன்டிபாடி மரபணுவைப் பொருத்திய எலிகளுக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டு, அவற்றிலிருந்து மிகச் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் மரபணுவை வெள்ளெலிச் செல்களில் வைத்துத் தொட்டிகளில் வளர்த்து எடுக்கிறார்கள். மருந்து வருவது வெள்ளெலிச் செல்லிலிருந்து என்றாலும், அமைப்பில் அது மனித ஆன்டிபாடி. சோதனை ஊசி இல்லாததற்குக் காரணம் அதுதான். அளவும் குறைவு: மனித ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து ஒரு கிலோ எடைக்கு 20 யூனிட், குதிரை மருந்து 40 யூனிட், இது 3.33 யூனிட் போதும்.

இதில் ஒரு குறையும் உண்டு. ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி என்றால், அந்த இடம் மாறிப்போன வைரஸ் வந்தால் தப்பித்துவிடலாம். அதனால்தான் வெவ்வேறு இடங்களைப் பிடிக்கும் இரண்டு ஆன்டிபாடிகளைச் சேர்த்துக் கொடுப்பது மேல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படி இரண்டு சேர்த்த மருந்தும் இந்தியாவில் கிடைக்கிறது. ரேபிஷீல்டு பிடிக்கும் இடம் வைரஸில் எளிதில் மாறாத இடம். உங்கள் மகனைப் பொறுத்தவரை நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

பலரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: ரெடிமேட் ஆன்டிபாடி அவ்வளவு நல்லது என்றால் இரண்டு மடங்காகப் போட்டால் என்ன? போடக் கூடாது. அது வைரஸை மட்டுமல்ல, தடுப்பூசியில் இருக்கும் செயலிழந்த வைரஸையும் பிடித்து மூடிவிடும். உடல் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது கெட்டுப்போகும். இரண்டையும் ஒரே இடத்தில் போடாததும், முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் ஆனபின் இந்த மருந்தைக் கொடுக்காததும் இதனால்தான். அதற்குள் சொந்த ஆன்டிபாடி வரத் தொடங்கியிருக்கும். தட்டம்மைத் தடுப்பூசியை நம் குழந்தைகளுக்கு ஒன்பது மாதம் முடிந்தபின் போடுவதும் இதே கணக்குதான். அதற்கு முன் போட்டால் தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி தடுப்பூசியை வேலை செய்ய விடாது.

அடுத்து லேப் சோதனை. வேண்டாம். முறையாக எல்லா ஊசியும் போட்டுக்கொண்ட ஆரோக்கியமான சிறுவனுக்கு அது வீண் செலவு. கால்நடை மருத்துவர், ரேபிஸ் ஆய்வகத்தில் வேலை செய்பவர், எதிர்ப்புசக்தி குறைந்த நோயாளி, இவர்களுக்குப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. அவர்களுக்கும் தெருமுனை லேபில் செய்யும் சோதனை போதாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற சில இடங்களில்தான், ரத்தநீரை உண்மையான வைரஸோடு கலந்து அது வைரஸைத் தடுக்கிறதா என்று பார்க்கிறார்கள். மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட் இருந்தால் போதுமானது என்று கணக்கு. ஆன்டிபாடி ஒட்டுகிறது என்பது வேறு, தடுக்கிறது என்பது வேறு.

இதைச் சொல்லும்போதே உங்கள் கொரோனா கேள்விக்கும் பாதி பதில் வந்துவிட்டது. 2020 ஜூலை, ஆகஸ்டில் புனேயின் ஐந்து வார்டுத் தொகுதிகளில் 1,664 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ராஸ்தா பேட்–ரவிவார் பேட் அதில் ஒன்று. புனே ஐசர், சாவித்திரிபாய் ஃபுலே பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு நம் வேலூர் சிஎம்சியும் அதில் சேர்ந்திருந்தது. 51.5 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. அந்த எண்ணைப் பார்த்துப் பலர், புனேக்கு இனி பயமில்லை என்றே பேசினார்கள். பிறகு செப்டம்பரில் என்ன நடந்தது, 2021 வசந்தத்தில் ஆஸ்பத்திரிகளில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர்வே தவறல்ல, அதைப் படித்த விதம்தான் தவறு. அவை தொற்று அதிகமாகப் பரவியிருந்த பகுதிகள். ஊர் முழுக்க அப்படி இல்லை. ரத்தத்தில் ஐஜிஜி இருப்பது, மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் நுழைவதைத் தடுக்கும் என்று உறுதி தருவதில்லை. மாதங்கள் போகப்போக அளவு குறையும். போதாக்குறைக்கு, அடுத்த வருடம் வந்த டெல்டா வைரஸ் ஆன்டிபாடி பிடிக்கும் இடங்களில் சிலவற்றை மாற்றிக்கொண்டு வந்தது. உங்கள் கணவர் படுத்ததில் வியப்பில்லை.

ஆன்டிபாடி குறைந்துவிட்டால் எல்லாம் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. ஆன்டிபாடி தயாரிப்பவை பி செல்கள். ஒவ்வொரு பி செல்லும் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டித் தனக்கென்று ஒரு கை நுனியை அமைத்துக்கொள்கிறது. இந்த வெட்டி ஒட்டும் வேலையைக் கண்டுபிடித்த சுசுமு டொனேகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. சில நூறு மரபணுத் துண்டுகளை வைத்துக்கொண்டு, உலகில் இதுவரை வராத கிருமிக்கும் பொருந்தும் ஒரு கை நம்மிடம் இருப்பது இப்படித்தான். தடுப்பூசியைப் பார்த்துப் பொருந்திய பி செல்கள் நிணநீர் முடிச்சுகளில் பெருகும். தம் கையின் அமைப்பை மறுபடி மறுபடி சிறிது மாற்றிப் பார்க்கும். இறுக்கமாகப் பிடிப்பவை மட்டும் பிழைக்கும். மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று ஊசியை இழுத்தடிப்பது இந்தத் தேர்வுக்காகத்தான். அந்தச் செல்களில் சில எலும்பு மஜ்ஜையில் தங்கி ஆண்டுக்கணக்கில் ஆன்டிபாடி சுரந்துகொண்டிருக்கும். மற்றும் சில நினைவு செல்களாக அலையும்.

பழைய தலைமுறை தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி வாங்கியதை அப்பா சொல்லியிருப்பார். ஆட்டு மூளையில் வளர்த்த அந்தத் தடுப்பூசியை இந்தியா இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கைவிட்டது. இன்று கையில் போடும் சில ஊசிகளோடு வேலை முடிகிறது. ஆகவே கடைசி ஊசி இன்னும் பாக்கி இருந்தால், புண் ஆறிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள், கைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள். என்றாவது மறுபடி நாய் கடித்தால் காயத்தைக் கழுவிவிட்டு அந்த அட்டையோடு டாக்டரிடம் போங்கள். நினைவு செல்கள் இருப்பதால் அப்போது முதல் நாளும் மூன்றாம் நாளும் இரண்டு தடுப்பூசி போட்டால் போதும். காயத்துக்குள் குத்தும் மருந்து அவனுக்கு மறுபடி தேவைப்படாது.